முதலில் வாங்குங்கள், பிறகு உடையுங்கள்

பாத்ரூமை உடைத்துப் புதிதாகச் செய்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததும் முதல் போன் கொத்தனாருக்குப் போகிறது. அவரும் ஒரு காலையில் ஆளோடு வந்து, சாயங்காலத்துக்குள் பழைய டைல்ஸை எல்லாம் பெயர்த்துப் போட்டுவிடுகிறார். அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரர்கள் கடைக்குக் கிளம்புகிறார்கள். எந்தக் கிளாசெட், எந்தக் குழாய், டைல்ஸ் என்ன நிறம் என்று அவர்கள் கடைகடையாக ஏறி இறங்கும்போது, வீட்டில் பிளம்பர் நின்றுகொண்டு "பைப்பை எங்கே சார் வைக்கட்டும்?" என்று கேட்கிறார். யாரிடமும் பதில் இல்லை. அவருக்கு அடுத்த சைட்டுக்குப் போக வேண்டும். தனக்குப் பழக்கமான அளவில் வைத்து ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார். புது பாத்ரூமில் பின்னால் முளைக்கும் தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு நாளில் விதைக்கப்பட்டவை.

மொத்தமாக ஒரு காண்ட்ராக்டரிடம் ஒப்படைக்காமல், ஆட்களைத் தனித்தனியாக வைத்து, முடிந்ததைத் தன் கையாலும் செய்து பாத்ரூமைப் புதுப்பிக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான். இந்த வேலையில் கடைசியாகப் பொருத்தப்படும் பொருளைத்தான் முதலில் தேர்வு செய்ய வேண்டும். கிளாசெட்டும் டைவர்ட்டரும் டைல்ஸும் பெட்டியோடு வீட்டுக்கு வந்து சேரும்வரை சுவரில் உளி படக் கூடாது.

காரணத்தை ஒரு கிளாசெட்டை வைத்தே பார்க்கலாம். கழிவு தரைக்குள் இறங்கும் மாதிரியை எஸ்-ட்ராப் என்பார்கள். பின்சுவரிலிருந்து அந்தத் துளையின் மையம் வரை உள்ள தூரம் மாடலுக்கு மாடல் மாறும்; 4, 9, 12 அங்குலம் என்று கடையில் கிடைக்கும். சுவர் வழியாகக் கழிவு போகும் பி-ட்ராப் என்றால், பெரும்பாலும் முடிந்த தரையிலிருந்து 180 மி.மீ. உயரத்தில் பைப்பின் மையம் இருக்க வேண்டும். இந்த அளவுகள் எல்லாமே டைல்ஸ் ஒட்டி முடிந்த சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் கணக்கிடப்பட்டவை. வேலை நடக்கும்போது பிளம்பர் கண்ணெதிரில் இருப்பதோ வெறும் செங்கல். அதன்மேல் பூச்சு அரை அங்குலம், டைல்ஸும் ஒட்டும் கலவையும் சேர்ந்து இன்னொரு அரை அங்குலம் வரும். சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக இல்லாவிட்டால் பூச்சு இன்னும் தடிக்கும். செங்கல்லிலிருந்து 9 அங்குலம் அளந்து பைப் வைத்தால், கடைசியில் மிஞ்சுவது 8 அங்குலமோ அதற்கும் குறைவோதான். கிளாசெட்டை இறக்கிப் பார்க்கும்போது தொட்டி சுவரில் முட்டும். "எதற்கும் இருக்கட்டும்" என்று முடிந்த சுவரிலிருந்து 12-ல் வைத்துவிட்டு 9 அங்குல மாடலை வாங்கினால், பின்னால் 3 அங்குலச் சந்து விழும். அங்கே துடைப்பமும் போகாது, கையும் போகாது. புதுத் தரையை மறுபடி உடைப்பதைத் தவிர இரண்டுக்கும் நல்ல தீர்வு கிடையாது.

தண்ணீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பிவிட, சுவருக்குள் புதைக்கும் டைவர்ட்டரும் இப்படித்தான். அதன் உடம்பின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். டைல்ஸின் முகம் எங்கிருந்து எங்கே வரை வரலாம் என்று அதில் குறைந்தபட்ச, அதிகபட்சக் கோடுகள் போட்டிருப்பார்கள். பலர் அதைக் குப்பை என்று நினைத்து முதல் நாளே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். டைல்ஸ் ஒட்டி முடியும்வரை அது அங்கேயே இருக்கட்டும். உடம்பு ஆழமாகப் போய்விட்டால் கைப்பிடி எட்டாது. வெளியே துருத்தினால் வட்டத் தகடு சுவரோடு உட்காராது. சுவருக்கு வெளியே நிற்கும் சாதாரண வால் மிக்ஸருக்கு இந்தக் கவலை இல்லை; வெந்நீர், தண்ணீர் இரண்டு முனைகளுக்கும் நடுவே 150 மி.மீ. சரியாக இருந்து, இரண்டும் ஒரே மட்டத்தில் நின்றால் போதும். உங்கள் ஊர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர் என்றால், என் ஓட்டு வால் மிக்ஸருக்குத்தான். பத்து வருடம் கழித்துப் பழுதானால் சுவரைத் தொடாமலே மாற்றிவிடலாம்.

கடைக்குப் போகும் முன் தண்ணீரின் வேகத்தைப் பாருங்கள். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு, 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். மேல் மாடி வீட்டில் தொட்டிக்கும் ஷவருக்கும் நடுவே 10 அடிதான் உயரம் என்றால், கிடைப்பது சுமார் 0.3 பார். ஷோரூமில் பம்ப் வைத்துக் கொட்டிக்காட்டும் அகன்ற மழை ஷவர் அந்த அழுத்தத்தில் நூல்நூலாகத்தான் ஒழுகும். வாங்கும் பொருளின் பெட்டியில் தேவையான குறைந்தபட்ச அழுத்தம் போட்டிருக்கும். அது உங்கள் வீட்டு அழுத்தத்தைவிட அதிகம் என்றால் சிறிய முகமுள்ள ஷவருக்குப் போங்கள், அல்லது பிரஷர் பம்புக்கும் அதன் மின்சார இணைப்புக்கும் இப்போதே இடம் ஒதுக்குங்கள்.

அடுத்தது, நோய் எங்கே என்று கண்டுபிடிப்பது. ஓதம் ஏறிய சுவரையோ, கீழ்வீட்டுச் சீலிங்கில் பூத்த உப்பையோ பார்த்துத்தான் பலர் இந்த வேலையில் இறங்குகிறார்கள். அப்படியானால் உடைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு நாள் அந்த பாத்ரூமைப் பயன்படுத்தாமல், குழாய்களை மூடி, லைனில் மட்டும் தண்ணீர் இருக்க விடுங்கள். ஈரம் குறையாமல் இருந்தால் தண்ணீர் வரும் பைப்பில் கசிவு இருக்க வாய்ப்பு அதிகம். காய ஆரம்பித்தால் தரையையோ கழிவு பைப்பையோ சந்தேகிக்கலாம். எங்கே கசிகிறது என்று தெரியாமல் பழைய டைல்ஸின் மேலேயே புது டைல்ஸை ஒட்டுவது பணத்தைத் தண்ணீரில் விடும் வேலை. கசிவு இல்லை என்று உறுதியானால் சுவரில் டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டலாம், தரையில் வேண்டாம். தரை அரை அங்குலத்துக்கு மேல் ஏறிவிடும், கதவு உரசும், தண்ணீர் படுக்கையறைப் பக்கம் வரும். குளியலறைத் தரை எப்போதும் வெளித்தரையைவிட அரை அங்குலமாவது பள்ளமாகத்தான் இருக்க வேண்டும்.

பழைய அடுக்குமாடி வீடுகளில் இந்தியன் கிளாசெட்டுக்காகத் தளத்தையே ஓர் அடிக்கும் மேல் தாழ்த்திப் போட்டிருப்பார்கள். சங்கன் என்று சொல்வது அதைத்தான். அந்தப் பள்ளத்தை அன்றைக்குக் கையில் கிடைத்த இடிபாட்டைக் கொட்டி நிரப்பியிருப்பார்கள். தோண்டும்போது உள்ளே கருப்பாக, நனைந்து, நாற்றத்தோடு இருந்தால் கசிவு அங்கேதான் வாழ்கிறது. அப்போது முழுதாக அள்ளி வெளியே போட வேண்டியதுதான். பாதி அள்ளிப் பாதி விடுவது கூடாது. அந்த மூட்டைகளை மாடியிலிருந்து இறக்கும் கூலி, வண்டி வாடகை இரண்டையும் பட்ஜெட்டில் தனி வரியாக எழுதுங்கள். தெருமுனையில் கொட்டினால் மாநகராட்சி அபராதம் போடும். திரும்ப நிரப்பும்போது பழைய இடிபாட்டையே போடாமல், எடை குறைந்த செங்கல் ஜல்லியோ லேசான பிளாக் துண்டுகளோ போடச் சொல்லுங்கள்.

இனி காகிதமும் பென்சிலும். அழகான வரைபடம் தேவையில்லை. நான்கு சுவரையும் நான்கு சதுரமாக வரைந்து, ஒவ்வொரு முனையின் உயரத்தையும் எழுதினால் போதும். எல்லா உயரத்தையும் முடிந்த தரையிலிருந்துதான் எழுத வேண்டும். உடைத்துப் போட்ட அறையில் முடிந்த தரை எது என்று எப்படித் தெரியும்? அதற்கு நல்ல கொத்தனார்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வாசல் மட்டத்தை ஆதாரமாக வைத்து, ட்யூப் மட்டம் பிடித்து, முடிந்த தரையிலிருந்து 3 அடி உயரத்தில் நான்கு சுவரிலும் சுற்றி ஒரு கோடு அடிப்பார்கள். அதற்குப் பிறகு பிளம்பர், எலக்ட்ரீஷியன், டைல்ஸ் மேஸ்திரி மூவரும் அந்தக் கோட்டிலிருந்துதான் ஏறவோ இறங்கவோ அளப்பார்கள். இந்தக் கோடு அடிக்காமல் காடி எடுக்க யாரையும் விடாதீர்கள்.

வாஷ்பேசின் விளிம்பு 800 முதல் 850 மி.மீ. உயரத்தில் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாக இருக்கும். மற்றதற்கெல்லாம் உங்கள் வீட்டு ஆட்கள்தான் அளவு. வீட்டிலேயே உயரமானவரை நிற்கவைத்து ஷவரைக் குறியுங்கள். கிளாசெட்டில் உட்கார்ந்தபடி கை நீட்டி ஹெல்த் ஃபாசெட்டுக்கு இடம் பாருங்கள். அம்மா, அப்பா, மாமியார் யாராவது முழங்கால் வலியோடு இருந்தால் அவர்களை ஒரு நாற்காலியில் உட்கார்த்தி எழச் சொல்லுங்கள். எழும்போது கை தானாக எங்கே போகிறதோ அங்கேதான் கைப்பிடிக் கம்பி வர வேண்டும். இன்றைக்கு யாருக்கும் தேவையில்லை என்றாலும் அந்த இடத்தைக் குறித்துவைத்து, அதன் பின்னால் பைப்போ வயரோ ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு எப்போது வேண்டுமானாலும் துளை போடலாம்.

மின்சாரத்தில் சிக்கனம் வேண்டாம். 2,000 வாட் கீசர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். அதற்குத் தனி 16 ஆம்பியர் பாயிண்ட், குறைந்தது 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், ஒழுங்கான எர்த், வீட்டு போர்டில் மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஆகிய நான்கும் கட்டாயம். கீசர் சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே இருக்கட்டும். இதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். கண்ணாடி விளக்கு, எக்ஸாஸ்ட் ஃபேன், பின்னால் வரக்கூடிய வாஷிங் மெஷின் ஆகியவற்றுக்கான பாயிண்டுகளையும் இந்தச் சமயத்திலேயே இழுத்துவிடுங்கள்.

டைல்ஸ் கணக்கு சுலபம். 7 அடிக்கு 5 அடி அறை என்றால் சுற்றளவு 24 அடி. 7 அடி உயரத்துக்கு ஒட்டினால் 168 சதுர அடி. இரண்டரை அடிக் கதவுக்கு 17.5 சதுர அடி போனால் ஏறத்தாழ 150. வெட்டுக்கும் உடைசலுக்கும் பத்து சதவீதம் சேர்த்து 165. தரை 35, சேதாரத்தோடு 39. எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண், ஒரே ஷேட் எண் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். நமக்கு வரும் டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரியில் வருவது. நடுவில் நான்கு பெட்டி குறைந்தால் அதே ஷேட் மறுபடி கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

அளவைத் தேர்ந்தெடுக்கும்போது வாட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வடிய அடிக்கு ஒரு நூலாவது வாட்டம் வேண்டும். குளிக்கும் பகுதியில் ஒன்றரை நூல் கொடுத்தாலும் தப்பில்லை. தரையின் நடுவில் தண்ணீர் வடியும் ட்ராப்பை வைத்துவிட்டு இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் வாங்கினால், நான்கு பக்கமும் சரிவு கொடுக்க அதைக் குறுக்கே குறுக்கே வெட்டியாக வேண்டும். சொரசொரப்பான 12 அங்குல டைல்ஸ் என்றால் சரிவுக்குத் தானாக வளைந்து கொடுக்கும், இடுக்குகள் அதிகமாக இருப்பதால் காலும் வழுக்காது. பளபளப்பான சுவர் டைல்ஸைத் தரையில் போடவே கூடாது. விட்ரிஃபைட் டைல்ஸ் தண்ணீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும் என்பதால் சிமென்ட் பாலை அது பிடிக்காது. அதற்குரிய அடெசிவ் கொண்டுதான் ஒட்ட வேண்டும். மேஸ்திரி டைல்ஸின் முதுகில் நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து அழுத்தினால் அங்கேயே தடுத்து நிறுத்துங்கள். பல் வைத்த கரணையால் முழுக்க இழுத்துவிட்டு ஒட்டுவதே முறை. உள்ளே வெற்றிடம் இருந்தால் தண்ணீர் தேங்கும். கைப்பிடிக்குத் துளை போடும்போது டைல்ஸ் விரியும்.

வேலையின் வரிசை இப்படி: உடைப்பு, காடி, பைப்பும் வயர் குழாயும், பிரஷர் டெஸ்ட், பூச்சு, வாட்டர்ப்ரூஃப், தண்ணீர் தேக்கிப் பார்ப்பது, சுவர் டைல்ஸ், தரை டைல்ஸ், இடுக்கு அடைப்பு, கடைசியாகப் பொருத்தும் வேலை. சுவரில் கீழ் வரிசையை விட்டுவிட்டு இரண்டாவது வரிசையிலிருந்து ஒட்டி, தரை முடிந்த பிறகு கீழ் வரிசையை வைத்தால் சந்திப்பு சுத்தமாக வரும். பைப் ஒட்டியதும் பூசிவிடத் துடிப்பார்கள். பசை இறுக ஒரு நாள் விட்டு, கைப்பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றி, முள் இறங்காமல் நிற்கிறதா என்று கூட நின்று பாருங்கள். பூசுவதற்கு முன் நான்கு சுவரையும் இன்ச் டேப் தெரியும்படி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கையால் செய்ய வேண்டிய வேலை எது என்று கேட்டால், பலரும் டைல்ஸ் ஒட்டுவதைக் கற்றுக்கொள்ள நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை; அது வருடக்கணக்கில் கை பழக வேண்டிய தொழில். பழைய சாமான்களைக் கழற்றுவது, இடுக்கு அடைப்பது, டெஃப்லான் டேப் சுற்றிக் குழாய் மாட்டுவது, சீலிங்குக்கு வர்ணம் அடிப்பது எல்லாம் உங்களால் முடியும். எல்லாவற்றையும்விட, வாட்டர்ப்ரூஃப் பூச்சை நீங்களே அடியுங்கள். அதற்குக் கைத்திறனைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும். கூலிக்கு வருபவருக்கு அந்தப் பொறுமைக்கு நேரமில்லை, வீட்டுக்காரருக்கு இருக்கிறது. தளத்தை மணல் ஒரு துளி இல்லாமல் கூட்டித் துடையுங்கள். தரையும் சுவரும் சேரும் மூலை எங்கும் கலவை வைத்து உருட்டிய வளைவு கொடுக்கச் சொல்லுங்கள். பவுடரையும் திரவத்தையும் பாக்கெட்டில் சொன்ன விகிதத்திலேயே கலந்து, முதல் பூச்சை நீளவாக்கில் அடித்து, காய்ந்த பிறகு இரண்டாவதைக் குறுக்குவாக்கில் அடியுங்கள். சுவரில் ஓர் அடி உயரம், ஷவர் பக்கம் 6 அடி. கழிவு பைப் தளத்துக்குள் நுழையும் கழுத்தைச் சுற்றி இரண்டு தடவை கூடுதலாகத் தொடுங்கள். கசிவு முதலில் தேடுவது அந்த இடத்தைத்தான்.

காய்ந்ததும் ட்ராப்பை அடைத்து, 2 அங்குலம் தண்ணீர் நிற்கவிட்டு, சுவரில் பென்சிலால் மட்டம் குறித்து, 48 மணி நேரம் விடுங்கள். வெயிலுக்குக் கொஞ்சம் குறையும், அது இயல்பு. மட்டம் வேகமாக இறங்குகிறதா, கீழ்வீட்டுச் சீலிங் நனைகிறதா என்பதுதான் கேள்வி. கீழ்வீட்டுக்காரர்களிடம் வேலை தொடங்கும் முன்பே போய், அவர்கள் சீலிங்கைச் சேர்ந்து பார்த்து, அவர்கள் எதிரிலேயே போட்டோ எடுத்துவைத்தால் பின்னால் மனஸ்தாபம் வராது. குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு கடிதம், உடைக்கும் நேரம், தண்ணீர் வால்வை எப்போது மூடுவோம் என்ற தகவல் இவையும் அதோடு போகட்டும். சோதனையில் தேறிய பூச்சின் மேல் சாரம் நாட்டவோ, இரும்புச் சட்டியை எறியவோ விடாதீர்கள். உடனே மெல்லிய சிமென்ட் கலவை போட்டு மூடிவிடுங்கள்.

நாள் கணக்கில் தாராளமாக இருங்கள். ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்பவர் பூச்சு காயவும் தண்ணீர் நிற்கவும் நாள் விடவில்லை என்று பொருள். சிறிய பாத்ரூமுக்கே மூன்று வாரம் ஒதுக்குவது நல்லது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நம் ஊர் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். வடமாநில டைல்ஸ் மேஸ்திரி என்றால் ஹோலிக்கும் சத் பூஜைக்கும். ஆடியிலும் மார்கழியிலும் புது வேலைகள் குறைவாகத் தொடங்குவதால் நல்ல ஆள் கிடைக்க வாய்ப்புண்டு. வீட்டில் ஒரே பாத்ரூம்தான் என்றால், கிளாசெட் இல்லாத நாட்களுக்குப் பக்கத்து வீட்டையோ உறவினர் வீட்டையோ முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வயதானவர்களை அந்த நாட்களில் வேறு இடத்தில் தங்கவைப்பதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

கூலியை எழுத்தில் வாங்குங்கள். சதுர அடிக் கணக்கா, பாயிண்ட் கணக்கா, மொத்தமா? மாடி ஏற்றுக்கூலி யாருடையது? இடிபாட்டை யார் இறக்குவது? இவை எழுதப்படாத இடத்தில்தான் கடைசி நாள் வாக்குவாதம் வரும். மதிப்பீட்டுக்கு மேல் 15 முதல் 20 சதவீதம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சங்கனுக்குள் என்ன இருக்கிறது என்று உடைக்கும்வரை யாருக்கும் தெரியாது. பிளம்பருக்கும் டைல்ஸ் மேஸ்திரிக்கும் கடைசிப் பத்து சதவீதத்தை, பாத்ரூமை இரண்டு வாரம் பயன்படுத்திப் பார்த்த பிறகு தருவதாக முதல் நாளே சொல்லி ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். சொன்ன நாளில் அதைக் கொடுத்தும் விடுங்கள். மிஞ்சிய டைல்ஸில் ஒரு பெட்டியை, பேட்ச் எண் தெரியும்படி, டைவர்ட்டரின் பில்லோடும் வாரண்டி அட்டையோடும் சேர்த்துப் பரண்மேல் ஏற்றிவிட வேண்டும்.